சால்வையில் ஒரு மின்சுற்று

ஜூன் 3
மின்சாரம் கடத்தும் எஃகு நூல் வந்துவிட்டது. மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஓர் அடி இடைவெளியில் அதன்மீது வைத்தால் ஏறத்தாழ 10 ஓம் காட்டுகிறது. இரவில் எழுந்து நடக்கும் அப்பாவின் சால்வை ஓரத்தில் சிறு விளக்குகளைத் தைக்க இது போதும்.

ஜூன் 4
மருத்துவமனையிலிருந்து அழைப்பு இல்லை.

ஜூன் 6
சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதுமாதலால், 3 வோல்ட் பட்டன் செல்லில் அது தாராளமாக எரிகிறது. நீலமோ 3 வோல்ட்டை ஒட்டியே கேட்பதால், நூலின் தடையில் சிறிது இழந்தாலும் மங்கிவிடுகிறது. அப்பாவுக்கு நீலம்தான் பிடிக்கும். எல்இடியின் கால்களைக் குறடால் வளையமாகச் சுருட்டி, ஒவ்வொரு வளையத்தையும் எஃகு நூலால் மூன்று நான்கு சுற்று இறுக்கித் தைத்தேன். பொத்தான் தைக்கும் அதே கைப்பழக்கம்தான். ஈயப்பற்று எஃகு நூலில் எளிதில் ஒட்டாது என்பதால், அந்த இறுக்கத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஜூன் 7, இரவு
முடிச்சின் வால்தான் உறக்கத்தைக் கெடுக்கிறது. வெட்டிவிட்ட நுனி பிரிந்து, செல்லின் நேர்முனை (+) நூலிலிருந்து எதிர்முனை (−) நூலைத் தொட்டால் எல்லா விளக்கும் ஒரே நொடியில் அணைந்து, செல் வீணாய்ச் சூடாகும். சால்வையோ மடங்கும், கசங்கும், அவர் அதைத் தலையணைக்கடியிலும் செருகுவார். முடிச்சுகள் அனைத்தின்மீதும் நகப்பூச்சு தடவினேன். பிறகு எழுந்து மறுபடியும் தடவினேன்.

ஜூன் 9
பாட்டியின் காஞ்சிபுரம் சேலைக் கரையில் மல்டிமீட்டரை வைத்தேன், மின்சாரம் பாய்கிறது என்று கீச்சென்று கத்தியது. அது பட்டு நூல்மீது வெள்ளி இழை சுற்றிய சரிகை. என் கல்யாணச் சேலையின் சரிகை வெறும் பளபளப்பு பாலியஸ்டர் போலும், வாயே திறக்கவில்லை. 1997இல் துணியிலேயே மின்சுற்று அமைப்பது பற்றி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெமி போஸ்ட்டும் மேகி ஆர்த்தும் எழுதியபோது, அவர்கள் எடுத்துக்கொண்டதும் உலோகத் தகடு சுற்றிய ஆர்கன்சா என்னும் மெல்லிய பட்டுத்துணியைத்தான். நம் நெசவாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வித்தை. ஆனாலும் பாட்டியின் கரையை வெட்ட மனம் வரவில்லை.

ஜூன் 10
நாளைக்கு அழைப்பார்களாம். முடிச்சுகளை மீண்டும் பார்த்தேன்.

ஜூன் 11
ஸ்விட்சுக்கு ரவிக்கைக் கொக்கியே போதும் என்று பட்டது. கொக்கியை நேர்முனை நூலில் விட்ட இடைவெளியின் ஒரு முனையிலும் அதன் கண்ணை மறு முனையிலும் தைத்துவிட்டால், சால்வையைக் கழுத்தருகே மாட்டியவுடன் சுற்று பூர்த்தியாகி விளக்கு எரியும்; கழற்றினால் செல்லும் மிச்சம். கொக்கியின் மேற்பூச்சு மின்சாரத்தைத் தடுத்ததால் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது.