100.4 வந்தால் கிளம்பிவிட வேண்டும்

மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாலு வயது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ஏ.எல்.எல். வகை. விடாமல் சிகிச்சை எடுத்தால் நிறையப் பிள்ளைகள் குணமாகிறார்கள், ஆனால் முடிய இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும் என்றார் டாக்டர். செலவு பெரும்பாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போனது.

மருந்தை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சலைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. கீமோ என்கிற புற்றுநோய் மருந்தில், கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள் குறைந்துவிடும். 'கவுண்ட் இறங்கிருச்சு' என்பார்கள். அந்த நேரத்தில் வரும் சாதாரணக் கிருமியும் சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அதனால் தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். உள்ளூரில் இடுப்பு ஊசியும் வேண்டாம், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைவாக இருந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பை எப்போதும் கட்டியே இருக்கும்: சிகிச்சை ஃபைல், காப்பீட்டு அட்டை, மாற்றுத் துணி. தெருவில் கார் வைத்திருக்கும் தம்பியிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தோம். ஒரு தடவைகூட அவர் தயங்கியதில்லை. அவசரப் பிரிவில் நுழைந்ததும், "கீமோ பிள்ளை, காய்ச்சல்" என்று சொல்லிவிட வேண்டும். வரிசையில் உட்காரக் கூடாது. ஆன்டிபயாட்டிக் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

ஸ்டீராய்டு மாத்திரை ஓடிய வாரங்கள்தான் வீட்டுக்குள் கஷ்டம். நடுச்சாமத்தில் எழுந்து தயிர்சோறு கேட்பாள். கொடுத்து முடிப்பதற்குள் மறுபடி பசி. காரணமே இல்லாமல் அடிப்பாள், அழுவாள். முகம் உப்பியதைப் பார்த்து, "பிள்ளை நல்லாத் தேறிட்டா" என்றார்கள் தெருவில். அடம் பிடிப்பது அவள் இல்லை, மருந்து என்று நானும் அவள் அப்பாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

முடி கொட்டியதும், "எந்தக் கோயில்ல மொட்டை போட்டீங்க? அழகர்கோயிலா?" என்று பஸ்ஸில் கேட்பார்கள். அவளே, "மருந்துல கொட்டிருச்சு, வந்துரும்" என்று சொல்லிவிடுவாள். ஊசிக்கு முன்னால்கூட அவளிடம் நாங்கள் பொய் சொன்னதில்லை. முதுகில் ஊசி போடுகிற நாளென்றால் முந்தின ராத்திரியே சொல்லிவிடுவோம். அழுவாள். ஆனாலும் எங்களை நம்புவாள்.

எல்லாவற்றையும்விடச் சிரமம், சொந்தபந்தங்களை வாசலில் நிறுத்தியது. பழத்தோடு வருகிறவரை, "சளி இருந்தா உள்ள வராதீங்க மதினி" என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். சிலருக்கு இன்னும் மனஸ்தாபம் இருக்கிறது. இருக்கட்டும்.

பங்குனி வெயிலில் நாத்தனார் மகன் வந்து இவளோடு விளையாடிவிட்டுப் போனான். மறுநாள் அவனுக்குச் சின்னம்மை. எங்கள் ஊரில் அம்மை என்றால் வேப்பிலைதான், ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கோ அது நுரையீரல் வரை போய்விடும். கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். அத்தை என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "மொதல்ல டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போ. ஆத்தாவுக்குக் கூழ நான் ஊத்திக்கிறேன்" என்றார். தடுப்பு மருந்து கொடுத்தார்கள், அம்மை வரவில்லை.

இப்போது மெயின்டனன்ஸில், அதாவது நோய் திரும்பாமல் இருக்க மருந்து தொடரும் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். தினமும் ராத்திரி ஒரு மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் என்கிற கீமோ மருந்து, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. டாக்டர் சம்மதித்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். வகுப்பில் யாருக்கு அம்மை போட்டாலும் அன்றே எனக்கு போன் பண்ணுங்கள் என்று டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.