டின் பாலை நிறுத்திய கதை

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். தனியார் மருத்துவமனையில் சிசேரியன். ஆபரேஷனில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வயிற்றெரிச்சல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதுகில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள், முழு நினைவோடு இருந்தேன். ஆனாலும் நான் வார்டுக்கு வருவதற்குள் பிள்ளைக்குப் புட்டியில் பவுடர் பால் போய்விட்டது. "உங்களுக்குப் பால் ஊறலம்மா, பிள்ளை அழுவுது, என்ன பண்றது?" என்றார் அங்கிருந்த நர்ஸ். முதல் இரண்டு மூன்று நாள் யாருக்குமே சீம்பால்தான் வரும், அதுவும் சொட்டுச் சொட்டாக. பிறந்த அன்று பிள்ளையின் வயிறு கொள்வதும் ஒன்றிரண்டு தேக்கரண்டிதான். சிசேரியன் ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடலாம். இதையெல்லாம் அங்கே ஒருத்தரும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் டின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள், மெடிக்கல் கீழேயே இருந்தது. 1992 சட்டப்படி அந்த டின்னிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சடித்திருக்கிறது, பாருங்கள்!

பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவான். மறுபடி அதே மருத்துவமனைக்குப் போனோம். தையல் வலியோடு பஸ் பயணம், மதியம் வரை பெஞ்சில் காத்திருப்பு, அப்புறம் ஃபீஸ். கடைசியில் கிடைத்தது வேறொரு டின்னின் பெயர்.

வழி காட்டியது எங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸ். வந்ததும் பால் ஊறுதா என்று கேட்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறான்? டின் பாலை எந்தத் தண்ணியில கலக்குறீங்க?" என்றார். போர் தண்ணீர்தான், நன்றாகக் கொதிக்க வைத்து. "கொதிச்சா கிருமிதாம்மா சாவும், ஃப்ளோரைடு எங்க போகும்? தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்." நம் மாவட்டத்துத் தண்ணீரின் லட்சணம் தெரியாதவர் யார்? ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர்தான் கதி. அந்தத் தண்ணீரைத் தாய் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகமிகக் கொஞ்சம்தான் இறங்குமாம். அதுவரை "பாவம் பிள்ளை, டின் பாலாவது குடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்த என் மாமியார் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார். அவர் முன்பல்லில் சின்ன வயதிலிருந்தே ஃப்ளோரைடு தண்ணீர் போட்ட பழுப்புக் கோடு உண்டு.

புட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார் சிஸ்டர். முதலில் இரண்டு பக்கமும் மார்பில் போட வேண்டும், பத்தாவிட்டால் மட்டும் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) பவுடர் பால். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. காம்பை மட்டும் வாயில் திணித்தால் வெடித்துப் புண்ணாகும் (எனக்கு ஆனது, கண்ணீரே வந்துவிட்டது). பிள்ளை வாயை அகலத் திறந்ததும் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி அணைக்க வேண்டும், தாடை மார்பில் பதிய வேண்டும். தையல் உள்ளவர்கள் பக்கத்தில் தலையணை வைத்து, பிள்ளையைக் குடம் மாதிரி இடுப்போரம் இடுக்கிக்கொண்டு கொடுத்துப் பாருங்கள், வயிற்றில் இடிக்காது. ராத்திரிப் பாலை விடாதீர்கள், பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அப்போதுதான் அதிகம்.

பால் போதுமா என்பதற்கு அழுகை கணக்கில்லை. முதல் வாரம் கழிந்தபின் நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போக வேண்டும், எடை ஏற வேண்டும். அங்கன்வாடித் தராசில் முள் நகர்ந்ததைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சண்டை பத்தியம். ரசம் சோறு, சுட்ட பூண்டு, தண்ணீர்கூட அளந்துதான். "தண்ணி குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார் அத்தை. நாம் குறைவாகச் சாப்பிட்டாலும் பால் பெரும்பாலும் குறையாது. நம் எலும்பிலிருந்தும் ரத்தத்திலிருந்தும் எடுத்துத்தான் உடம்பு பிள்ளைக்குக் கொடுக்கும், தலை சுற்றுவது நமக்குத்தான். பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிட நாளைக்கு 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதும், நான் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும்தான் கேட்டேன். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம் வீட்டு அடுக்குப்பானையிலேயே இருப்பதை விட்டுவிட்டு டானிக் எதற்கு? பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், கேட்டு வாங்குங்கள். அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் போட வேண்டாம்.

ஆறு மாதம் வரை தண்ணீர், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் தேவையில்லை, சித்திரை வெயிலானாலும். கழுதைப்பால் சங்கில் தருகிறேன் என்று தெருவில் வந்தவரை அத்தையே விரட்டிவிட்டார்.

இன்னொன்று. பஸ் ஸ்டாண்டுகளில் 2015ல் திறந்த பாலூட்டும் அறைகளை நம்பித் தடுப்பூசிக்குக் கிளம்பினேன். நான் போன இடத்தில் கதவில் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். பெரிய துப்பட்டா ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டே கிளம்புங்கள்.