தீர்ப்பாயம் தன் தீர்ப்பைத் தானே திருத்துமா?

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில், அதாவது கேட்டில் (CAT), வழக்குத் தோற்றால் "ஒரு ரிவ்யூ (மறுஆய்வு மனு) போட்டுப் பாத்துடலாம்" என்ற பேச்சு நீலகிரியில் அரவங்காட்டிலும் வெலிங்டனிலும் உடனே கிளம்பிவிடும். போடலாம்தான். ஆனால் எதற்குப் போடுவது என்று தெரியாமல் போட்டால் பணமும் மாதங்களும்தான் கரையும்.

இங்கே சொல்வது மத்திய அரசு சிவிலியன் ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும்: தபால் துறை, எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் பணி), அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் பழைய ஊழியர்கள் போன்றோர். படைவீரர்களுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தனி. மாநில அரசு ஊழியர்களுக்கு இருந்த தீர்ப்பாயம் 2006-இல் கலைக்கப்பட்டதால் அவர்கள் நேரே உயர் நீதிமன்றம் போகிறார்கள்.

ஒரு தீர்ப்பாயம் தன் இறுதி உத்தரவை மறுபடி தொட வேண்டுமானால் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கேட்டுக்கு 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் பிரிவு 22(3)(எஃப்) கொடுக்கிறது. உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அளவுதான் அந்த அதிகாரம், அதற்கு மேல் இல்லை. ஆகவே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 47, விதி 1-இல் உள்ள காரணங்கள்தான் இங்கும்: முன்பு எவ்வளவு முயன்றும் கிடைக்காத புதிய, முக்கியமான ஆதாரம், ஆவணத்தைப் பார்த்ததுமே கண்ணில் படும் பிழை, இவற்றை ஒத்த வேறு போதிய காரணம். 2008-இல் கமல் சென்குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த எல்லையை விரிவாக வரையறுத்தது.

கண்ணில் படும் பிழை எப்படி இருக்கும்? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவர் 15.6.1999-இல் நிரந்தரமாகி 31.5.2009-இல் ஓய்வு பெறுகிறார். பணிக்காலம் 9 ஆண்டு 11 மாதம் 17 நாள். மூன்று மாதமோ அதற்கு மேலோ உள்ள மிச்சத்தை அரையாண்டாக எடுத்துக்கொள்ளும் விதிப்படி அது ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டாகிறது, ஓய்வூதியம் உண்டு. தீர்ப்பில் நிரந்தரமான தேதி 15.9.1999 என்று விழுந்துவிட்டது. அப்போது 9 ஆண்டு 8 மாதம் 17 நாள். கணக்கில் ஒன்பதரை ஆண்டுதான் நிற்கும், ஓய்வூதியம் போயிற்று. இதற்கு நீண்ட வாதம் வேண்டாம். பணிப்பதிவேட்டின் பக்கத்தைத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். மறுஆய்வு இருப்பதே இதற்காகத்தான்.

அதே ஆள், "தற்காலிகமாக வேலை பார்த்த காலத்தில் பாதியையும் சேர்க்க வேண்டும்" என்று வாதாடி, தீர்ப்பாயம் அதை ஆராய்ந்து மறுத்திருந்தால் கதை வேறு. அந்த முடிவு தவறாகவே இருக்கலாம். ஆனாலும் நாலு தீர்ப்புகளை அடுக்கி விளக்கித்தான் தவறு என்று காட்ட முடியுமென்றால், அது மறுஆய்வுக்குள் வராது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்குப் போக வேண்டியது. உங்கள் தீர்ப்புக்குப் பிறகு வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதகமாகச் சொல்லியிருந்தாலும் அதுவும் மறுஆய்வுக்குக் காரணமாகாது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கேட்ட நிவாரணங்களில் ஒன்றைத் தீர்ப்பு தொடவே இல்லை என்றாலும் மறுஆய்வு கேட்கலாம். நிலுவைத் தொகைக்கு வட்டி கேட்டிருப்பீர்கள், அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வாதத்தின்போது அதை வலியுறுத்தியதற்குத் தடயம் இருந்தால் மனு வலுவாக இருக்கும்.

புதிய ஆதாரம் என்பது பலர் நினைப்பதைவிடக் கடினமான வாசல். தீர்ப்பு வந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து ஒரு ஆவணம் வாங்கினால், "வழக்கு நடக்கும்போதே ஏன் கேட்கவில்லை?" என்பதுதான் முதல் கேள்வி. முன்பே கேட்டு, அலுவலகம் "ஆவணம் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். புதிய ஆவணத்தைவிட அதுதான் முக்கியம், ஏனென்றால் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் புதிய ஆவணம் முடிவையே மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

மனு போடும் நடைமுறை, கேட்டின் 1987-ஆம் ஆண்டு நடைமுறை விதிகளின் 17-ஆவது விதியில் இருக்கிறது. உத்தரவின் நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள். தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டா என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை; இல்லை என்று வைத்துக்கொண்டே வேலை பாருங்கள். நகல் சென்னை வழக்கறிஞருக்கு முதலில் போயிருந்தால் அந்தத் தேதியிலிருந்தே எண்ணுங்கள். தபாலில் வந்திருந்தால் முத்திரையோடு உறையை எடுத்து வையுங்கள். கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் இல்லாமல் மனுவை ஏற்கமாட்டார்கள். எது உங்களுக்கு நேரடியாகத் தெரிந்தது, எது சட்ட ஆலோசனையின்படி சொல்வது என்று அதில் பிரித்துக் காட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் மலைப்பாதை மண் சரிந்து அடைபட்டால் தபாலும் நிற்கும். நகல் வந்த வாரத்திலேயே ஊட்டியிலோ குன்னூரிலோ நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது நல்லது.

பொதுவாகத் தீர்ப்பு சொன்ன அதே அமர்வு, மனுவை உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விட்டு, அறையில் படித்தே முடிவு செய்யும். வழக்கறிஞர் எழுந்து பேச வாய்ப்பு இராது. எழுத்துதான் எல்லாம். "தீர்ப்பு நீதிக்குப் புறம்பானது" என்று தொடங்கினால் மனு அங்கேயே படுத்துவிடும். இப்படி எழுத வேண்டும்: "உத்தரவின் பத்தி 7-இல் 15.9.1999 என்று உள்ளது. தொகுப்பின் பக்கம் 23, இணைப்பு ஏ-4-இல் 15.6.1999 என்று உள்ளது. எதிர்மனுதாரர் தம் பதிலுரையின் பத்தி 3-இல் இதை ஒப்புக்கொண்டுள்ளார். இதனால் பத்தி 9-இல் உள்ள கணக்கு மாறுகிறது." மொத்த மனுவும் மூன்று பக்கம் தாண்டத் தேவையில்லை. ஒரு முறை தள்ளுபடியானால் இரண்டாம் மறுஆய்வு கிடையாது.

வழக்கு, ஆள் வராததால் தள்ளுபடியாகியிருந்தால் மறுஆய்வு வேண்டாம். விதி 15-இன் கீழ் 30 நாளுக்குள் மீட்பு மனு போடுங்கள். இதில் 30 நாள் தள்ளுபடியான தேதியிலிருந்தே ஓடும், நகல் வந்த நாளிலிருந்து அல்ல.

மறுஆய்வு மனு போட்டதாலேயே பழைய உத்தரவு நின்றுவிடாது. இடமாற்றமோ சம்பளப் பிடித்தமோ நடந்துகொண்டுதான் இருக்கும்; தடை வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். இது துறைக்கும் பொருந்தும். நீங்கள் ஜெயித்த வழக்கில் "ரிவ்யூ நிலுவையில் இருக்கிறது" என்று அலுவலகம் இழுத்தடித்தால், தடை உத்தரவு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். உத்தரவை நிறைவேற்றாததற்குப் போடும் அவமதிப்பு மனுவுக்கு ஓராண்டுதான் காலவரம்பு. அவர்கள் மனு முடியட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

மறுஆய்வு தள்ளுபடியானால் அடுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு. உச்ச நீதிமன்றத்தின் 1997-ஆம் ஆண்டு சந்திரகுமார் தீர்ப்பு திறந்துவிட்ட வழி அது. அங்கே தள்ளுபடி உத்தரவை மட்டும் எதிர்த்தால் வழக்கு நொண்டும், ஏனென்றால் மூலத் தீர்ப்பு அதோடு கலந்துவிடுவதில்லை, தனியாகவே நிற்கிறது. ரிட் மனுவின் கோரிக்கைப் பத்தியில் ஓ.ஏ. (மூல மனு) எண், ஆர்.ஏ. (மறுஆய்வு மனு) எண் இரண்டும், இரண்டு உத்தரவுகளின் தேதியும் இருக்கின்றனவா என்று கையெழுத்துப் போடும் முன் நீங்களே சரிபாருங்கள்.