அந்த நீளமான கேள்வி

காசநோய்க்கு என்னிடம் மருந்து வாங்க வந்த ஒடிசாத் தொழிலாளி அவர். அரை நிமிடம் பேசியிருப்பார். மொழிபெயர்க்க உடன் வந்த பனியன் கம்பெனி சூப்பர்வைசர் என்னிடம் சொன்னது ஒரே வரி: "ஒண்ணுமில்லீங்க மேடம், ஊருக்கு எப்பப் போலாம்னு கேக்கறான்."

"ஆறு மாசம் மாத்திரைய முடிச்சுட்டுப் போகட்டும்" என்றேன்.

மருத்துவப்படி அந்தப் பதிலில் பிழையில்லை. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம்தான். அவர் எடை 47 கிலோ. 35 முதல் 49 கிலோ வரை உள்ளவர்களுக்குத் தினம் மூன்று மாத்திரை. முதல் 56 நாள் நான்கு மருந்து சேர்ந்தது, அடுத்த 112 நாள் மூன்று மருந்து சேர்ந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது ரத்தம் இல்லை என்றும் சொன்னேன். வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்றேன். கண்பார்வை மங்கினாலோ, கண் மஞ்சளானாலோ உடனே வர வேண்டும் என்றேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார்.

இரண்டு மாதம் ஒழுங்காக வந்தார். இருமல் நின்றது, பசி எடுத்தது, முகம் தெளிந்தது. மழை தொடங்கி ஊரில் நடவு வந்த நேரத்தில் காணாமல் போனார். போன் சுவிட்ச் ஆஃப்.

பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் என்றால் ஒடியா போதும் என்று நாம் நினைக்கிறோம். இவர் ஒடிசாவின் மயூர்பஞ்சுப் பக்கத்துச் சந்தால் பழங்குடி. வீட்டில் பேசுவது சந்தாலி. அது ஒடியாவோடு உறவே இல்லாத, முண்டா மொழிகளோடு சேர்ந்த மொழி. 1925இல் ரகுநாத் முர்மு அதற்கு ஒல் சிக்கி என்று தனி எழுத்தே உருவாக்கினார். நான் கையில் கொடுத்தது ஒடியாத் துண்டுச்சீட்டு. தமிழில் நான் சொன்னதைச் சூப்பர்வைசர் ஒடியாவில் சொன்னார். அதை அவர் தனக்குள் சந்தாலியாக்கிக் கேட்டார். அவர் கேள்வி அதே வழியில் திரும்பி வந்தது. இரண்டு இடத்தில் சல்லடை போட்டுச் சலித்ததுதான் எனக்குக் கிடைத்த அந்த ஒரு வரி.

வேறு என்ன செய்திருக்க முடியும்? வெளியே வரிசை நின்றது. ஒடியாவும் தமிழும் தெரிந்தவர் அந்த ஒருவர்தான். அவர் கெட்டவரும் இல்லை. லீவு போட்டு, தன் வண்டியில் அழைத்து வந்தவர். ஆனால் சம்பளம் போடுகிறவரும், லைன் வீட்டில் இடம் ஒதுக்குகிறவரும் அவர்தான். எட்டுப் பேர் படுக்கும் அறையில் யாருக்கு டிபி என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்த மனிதர் கேட்டிருந்தால், அதைச் சூப்பர்வைசர் வாய் வழியாக எப்படிக் கேட்டிருப்பார்? மாத்திரையை ஊரில் வாங்க முடியுமா என்று கேட்டிருந்தாலும், "ஊருக்கு" என்ற ஒரு சொல்தான் என்னிடம் வந்து சேர்ந்திருக்கும்.

முடியும் என்பதே சரியான பதில். நிக்ஷய் எண், அதாவது அரசின் காசநோய்ப் பதிவு எண், இருந்தால் நாட்டில் எந்த அரசு மையத்துக்கும் சிகிச்சையை மாற்றலாம். பயணத்துக்கும், அங்கே பதிவாகும் வரைக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பலாம். அந்த ஊர் ஆஷாவின், அதாவது கிராமச் சுகாதாரப் பணியாளரின், போன் எண்ணை வாங்கி, நோயாளி எதிரில் இருக்கும்போதே பேச வைக்கலாம். துண்டுச்சீட்டைவிட அந்த ஒரு போன் பெரிது. தன் மொழிக் குரல் கேட்டதும் உட்காரும் விதமே மாறிவிடுகிறது. எனக்கு இதெல்லாம் அன்றைக்கும் தெரியும். தெரிந்தும் "முடிச்சுட்டுப் போகட்டும்" என்றேன். போவதைத் தடுத்தால் மருந்து நிற்காது என்று எண்ணினேன். அவர் போவதை நிறுத்தவில்லை. என்னிடம் சொல்வதைத்தான் நிறுத்தினார்.

இப்போது வேலைமுறையை மாற்றியிருக்கிறேன். மொழிபெயர்ப்பவரிடம் முதலில் ஐந்து நிமிடம் பேசுகிறேன்: சுருக்க வேண்டாம், அவர் கேட்பதை முழுதாகச் சொல்லுங்கள், இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. அவரை நோயாளிக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் உட்கார வைக்கிறேன். எதிரில் உட்கார்ந்தால் பேச்சு அவர்கள் இருவருக்குள் போய்விடும். நான் நோயாளியைப் பார்த்துத்தான் பேசுகிறேன், ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்வார். அது மரியாதை, புரிதல் இல்லை. மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து, "நாளைக்குக் காலையில எத்தனை எடுப்பீங்க? எடுத்துக் காட்டுங்க" என்கிறேன். மூன்று எடுக்க வேண்டியவர் ஒன்று எடுத்தால் அப்போதே தெரிந்துவிடும். ஆறு மாதத்தைத் தேதியாகச் சொல்வதில்லை. பண்டிகையை வைத்து எண்ணச் சொல்கிறேன். சால மரம் பூக்கும் நேரத்தில் சந்தால்கள் கொண்டாடும் பாஹா வரைக்கும் என்றால் மனதில் நிற்கிறது. மாத்திரை உடம்புக்குச் சூடு என்று நினைப்பவரிடம் வாதாடுவதில்லை. உங்கள் ஊர் பகாளா சாப்பிடுங்கள், அதுவும் நம் பழைய சோறு மாதிரிதான், மாத்திரைக்குக் கெடுதல் இல்லை என்கிறேன்.

நோயாளியின் மேலதிகாரியை மொழிபெயர்க்க வைப்பதில்லை என்றும் ஒரு விதி வைத்தேன். போன வாரம் அதை நானே மீறினேன். வேறு ஆள் இல்லை, புதிதாக வந்த நோயாளியின் சளியில் கிருமி இருந்தது, அவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அவரும் சந்தால்தான். அவரும் நீளமாக ஒன்று கேட்டார். உடன் வந்த சூப்பர்வைசர் சிரித்தபடி, "ஊருக்கு எப்பப் போலாம்னு கேக்கறானுங்க மேடம்" என்றார். எனக்கு உடம்பு சில்லிட்டது. ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொன்னேன். அவர் பொறுமையாகத் திரும்பக் கேட்டுச் சொன்னார். எப்போது போகலாம், தீபாவளிக்குப் போகலாமா, அதற்கு முன்னால் போகலாமா. அவ்வளவுதான். மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்.

அன்றைக்கும் இவ்வளவுதானோ? இத்தனை நாளாக அந்த அரை நிமிடத்துக்குள் நானே எதையெதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ? இருக்கலாம். அப்படியே இருந்தாலும் நான் சொன்ன பதில் அதேதானே.

இந்த முறை வேறு மாதிரி சொன்னேன்: "எப்ப வேணும்னாலும் போகலாம். போறதுக்கு நாலு நாள் முன்னாடி இங்க வந்து சொல்லுங்க, மாத்திரையும் கடிதமும் தர்றேன், அங்க யாரைப் பார்க்கணும்னு நான் பேசி வைக்கிறேன்."

சூப்பர்வைசர் அதை ஒடியாவில் இரண்டே சொல்லில் முடித்தார். எதிரில் இருந்தவர் தலையை ஆட்டினார். நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.