தழும்பின் மேல் ஒரு தடிப்பு: இறுதி எம்.பி.பி.எஸ். எழுதப் போகிறவர்களுக்கு

பெறுபேறு வந்துவிட்டது, சத்திரசிகிச்சையும் சேர்த்து. இனிக் கொஞ்சம் துணிவாகப் பேசலாம்.

ஷோர்ட் கேஸில், அதாவது ஒரு நோயாளியைச் சுருக்கமாகச் சோதித்துப் பரீட்சகருக்குப் பதில் சொல்லும் பகுதியில், எனக்குக் கிடைத்தவர் மட்டக்களப்பு படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அம்மா. மார்பகம் அகற்றப்பட்டவர், நீரிழிவு உள்ளவர், வயலில் இறங்கி வேலை செய்பவர். தழும்பின் ஓரம் சிவந்து தடித்து, நடுவில் கசிந்துகொண்டிருந்தது. "புற்றுநோய் திரும்பியிருக்கலாம்" என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். பரீட்சகர் காத்திருப்பது அதற்கு அடுத்த வசனத்துக்கு.

புற்றுநோயைத் தவிர வேறு என்னவாக இருக்கலாம் என்று சொல்ல வேண்டியவை:
- செலுலைட்டிஸ், தோலிலும் அதன் அடியிலும் வரும் பக்டீரியாத் தொற்று. நிணநீர் வீக்கம் உள்ள பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். மருந்துக்கு அடங்காத சிவப்பு என்றால் புற்றே அப்படி வேடம் போடுகிறதா என்று பாருங்கள்.
- அக்கி. ஒரு பக்கத்தோடு நிற்கும்.
- தோல் காசநோய், பூஞ்சணம்.
- லீஷ்மேனியாசிஸ், மணல் ஈ கடித்துப் பரவும் தோல் நோய். அனுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கம் தங்கியிருந்தாரா என்று கேளுங்கள்.
- தொழுநோய். தொழுநோய் வைத்தியசாலைக்குப் பெயர்போன மாந்தீவு இருக்கும் ஊரில் படித்துவிட்டு இதை விடுவது அழகல்ல.
- மெலியோய்டோசிஸ், மண்ணிலும் நீரிலும் வாழும் பக்டீரியாவால் வரும் தொற்று. நீரிழிவு, வயல், மாரி மழை மூன்றும் சேர்ந்தால் வாயில் தானாக வரவேண்டும். இதெல்லாம் பரீட்சையில் வராது என்று எங்களுக்குச் சொன்ன ஒரு விரிவுரையாளரை அன்று நன்றாக நினைத்துக்கொண்டேன்.

"பயோப்சி எடுப்பேன்" என்றேன். "எந்தப் போத்தலில் போட்டு அனுப்புவீர்?" என்றார் பரீட்சகர்.

என்னைக் கேட்டால் முழுப் பரீட்சையும் இந்தக் கேள்விதான். இழையத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு துண்டு போர்மலினில் நோயியலுக்கு. மற்றது கிருமி நீக்கிய சேலைனில் நுண்ணுயிரியலுக்கு. போர்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதன்பின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராது. படிவத்தில் மெலியோய்டோசிஸ் சந்தேகம் என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் சூடோமோனாஸ் என்ற வேறொரு பக்டீரியா என்றோ வெறும் கலப்படம் என்றோ ஒதுக்கப்படலாம், ஆய்வுகூடத்தில் கையாளுபவருக்கும் ஆபத்து.

நினைவுச் சூத்திரங்கள் எனக்கு ஒத்துவராதவை. அதனால் மத்தியானங்களில் ஆய்வுகூடத்தில் மாதிரி வாங்கும் மேசையருகே நிற்பேன். பிளாஸ்டரில் பெயர் எழுதி ஒட்டிய சிறு போத்தல் ஒன்று கல்ச்சருக்கென்று வந்தது. மூடியைத் திறந்த தொழில்நுட்பவியலாளர் மூக்கைச் சுளித்தார், போர்மலின். பேசாமல் தள்ளி வைத்துவிட்டு விடுதிக்குத் தொலைபேசி எடுத்தார். நோயாளியை மறுபடியும் வெட்ட வேண்டும்.

அடுத்து மெலியோய்டோசிஸுக்கு மருந்து கேட்பார்கள். முதலில் ஊசி வழியாக செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம், குறைந்தது 10 முதல் 14 நாட்கள். பின்னர் கோ-ட்ரைமொக்சசோல் வில்லை, குறைந்தது 3 மாதம். இரண்டாவது கட்டத்தைச் சொல்லாமல் எழும்பி வராதீர்கள்.