தலா வருமானம்: வகுக்கும் எண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள்

தமிழ்நாட்டின் வளர்ச்சி பற்றி எழுதுபவர்கள் மாநில மொத்த உற்பத்தியை அக்குவேறு ஆணிவேறாக அலசுகிறார்கள். அதை எந்த மக்கள்தொகையால் வகுத்தோம் என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. வகுக்கும் எண் 3 சதவீதம் பிசகினால் தலா வருமானமும் ஏறக்குறைய அதே அளவு பிசகும்.

மாநிலத்தில் கடைசியாகத் தலை எண்ணி முடித்தது 2011இல்: 7,21,47,030 பேர். அதற்குப் பிந்தைய எண்கள் எல்லாமே கணிப்புகள்தான். கணிப்பில் பிறப்பு, இறப்பை ஓரளவு நம்பலாம். சறுக்குவது இடப்பெயர்வில்தான்.

பழைய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் இது புரியும். 2001இல் மாநில மக்கள்தொகை 6,24,05,679. மாதிரிப் பதிவு முறைப்படி (தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து பதிந்து விகிதம் கணிக்கும் அரசு ஆய்வு) அந்த ஆண்டு ஆயிரம் பேருக்குப் பிறப்பு 19.1, இறப்பு 7.6. 2011இல் 15.9, 7.4. ஆக இயற்கைப் பெருக்கம் ஆயிரத்துக்கு 11.5இலிருந்து 8.5க்கு இறங்கியது, சராசரி 10. ஆண்டுக்கு 1 சதவீதம் என்று பத்து ஆண்டுக்குக் கூட்டுவட்டி போலப் போட்டால் சுமார் 65 லட்சம் பேர் கூடியிருக்க வேண்டும். கூடியதோ 97 லட்சம். மிச்சம் 32 லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஒரு பகுதி வெளிமாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். 2001இல் விடுபட்டவர்களும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தெடுக்க இந்த எண்கள் மட்டும் போதாது. கருவளம் சரிந்துகொண்டிருந்தபோதே பத்தாண்டு வளர்ச்சி 11.7இலிருந்து 15.6 சதவீதமாக ஏறியது. பிறப்பு விகிதத்தை மட்டும் வைத்துத் தமிழ்நாட்டைக் கணிப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மாவட்ட அளவுக்கு இறங்கினால் சிக்கல் இன்னும் கூடும். பிறப்பு பதிவாவது குழந்தை பிறந்த இடத்தில், தாய் குடியிருக்கும் ஊரில் அல்ல. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகும் வழக்கம், பெரிய மருத்துவமனைகள் இருக்கும் நகரங்கள் இரண்டும் சேர்ந்து எண்களை இடம் மாற்றிவிடும். விழுப்புரம், கடலூர்ப் பெண்களின் பிரசவங்களில் ஒரு பங்கு புதுச்சேரி கணக்கில் ஏறுகிறது. தாயின் இருப்பிடம் வாரியாகப் பிரித்த அட்டவணை கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்தது எல்லை. 2011இல் 32 மாவட்டங்கள், இப்போது 38. அன்றைய காஞ்சிபுரத்தின் 39,98,252 பேரில் செங்கல்பட்டும் அடக்கம். பழைய மக்கள்தொகையை இன்றைய காஞ்சிபுரத்தின் உற்பத்திக்கு வகுக்கும் எண்ணாக வைத்தால் விடை குப்பைதான். வட்டம் வாரியாகக் கூட்டுவதும் முழுத் தீர்வாகாது, வட்டங்களும் பிரிந்திருக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தந்த குறியீட்டு எண்களை வைத்து கீழிருந்து மேலே கூட்டி வருவதே பாதுகாப்பு. சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றும் பழைய 32 மாவட்டங்களையே பயன்படுத்தியது. அதைப் புதிய வரைபடத்தில் ஒட்டும் படங்கள் இணையத்தில் ஏராளம்.

மாவட்ட உற்பத்தியை மாவட்டத்து மக்களின் வருமானமாகப் படிப்பதும் தவறு. ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் உற்பத்தி காஞ்சிபுரத்தில் சேரும். அங்கே ஷிப்டுக்கு வருபவர் சென்னையிலோ திருவள்ளூரிலோ குடியிருப்பார், சம்பளத்தைப் பீகாருக்கும் அனுப்புவார். மக்களின் வாழ்நிலை தெரிய வேண்டுமென்றால் வீட்டுச் செலவு ஆய்வுகள் பக்கம் போக வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள், அதாவது எந்த நாளின் மக்கள்தொகையாகக் கணக்கிடுகிறார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. இடைவெளி 16 ஆண்டுகள். இந்த 16 ஆண்டு வளர்ச்சியைப் பழைய பத்தாண்டின் 15.6 சதவீதத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். இரண்டையும் ஆண்டு விகிதமாக மாற்றுங்கள்: 2001–2011க்கு அது 1.46 சதவீதம். அதே வேகம் 16 ஆண்டுகள் நீடித்திருந்தால் மொத்த வளர்ச்சி 26 சதவீதம் ஆகியிருக்கும். வரப்போகும் எண்ணை அந்த 26க்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.