குதிரை வாடகை உரிமம்: ஃபீஸ் கட்டினால் மட்டும் போதாது

இங்கிலாந்தில் சவாரிக்குக் குதிரை வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு: உரிமம் தருவது உள்ளூர் கவுன்சில். 2018 விலங்கு நல விதிகளின்படி 1, 2 அல்லது 3 வருஷத்துக்குக் கிடைக்கும். 3 வருஷ உரிமம் வாங்கினாலும் கால்நடை மருத்துவர் சோதனை வருஷா வருஷம் உண்டு. அந்தச் செலவு தனி. பட்ஜெட் போடும்போது பலர் மறப்பது இதைத்தான்.

3 வயது நிரம்பாத குதிரை, நிறைசினைக் குதிரை, பால்குடி மறக்காத குட்டியுள்ள தாய்க்குதிரை மூன்றையும் வாடகைக்கு விடவே கூடாது. 18 வயது ஆகாதவர் பொறுப்பில் இடத்தை விட்டுப் போகவும் கூடாது. காப்பீடு உங்களுக்கு மட்டும் எடுத்தால் செல்லாது. சவாரி செய்பவரால் வேறொருவருக்குக் காயம்பட்டால், சவாரி செய்பவருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு இருக்க வேண்டும். காப்பீட்டுச் சான்றிதழ் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்கணும்.

சோதனையில் அதிகம் சிக்குவது காகிதத்தில்தான். குதிரையின் பாஸ்போர்ட்டில் (அடையாள ஆவணம்) பழைய உரிமையாளர் பேரே இருக்கும் (வாங்கி 30 நாளுக்குள் மாற்றணும்), அல்லது குதிரையின் உடலில் வைத்த மைக்ரோசிப்பின் எண் அதோடு ஒத்துப்போகாது. சிப்பைப் படிக்கும் ஸ்கேனரை இரவல் வாங்கியாவது முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சேணம். மேலே பளபளவென்று இருக்கும். வயிற்றுவார் கொக்கி மாட்டும் பட்டையை மடித்துப் பாருங்கள், துளையைச் சுற்றி விரிசல் தெரியும். தையல் நூலை நகத்தால் நெம்பினால் எழும்பக் கூடாது.

மருத்துவர் ஒரு குதிரைக்குச் சிகிச்சை தேவை என்றால், தகுதிச் சான்று எழுத்தில் வரும்வரை அதை வேலைக்கு எடுக்க முடியாது. புதுப்பிக்க 10 வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.